பெயர் கேட்காத லைன்

மோடம் சீறியது, கீச்சிட்டது, அடங்கியது. அடுத்ததாகத் திரையில் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கும் இரண்டு வரிகள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவற்றின் இடத்தில் ஒரு பட்டியல் விரிந்து நின்றது: புதிய ஆர்டர், ஆர்டர் ரத்து, இருப்பு, வெளியேறு. மேல் மூலையில், கண்ணைச் சுருக்கினால் மட்டுமே படிக்கக்கூடிய எழுத்தில், சந்தைக் கிளை என்று இருந்தது.

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். பிறர் வீட்டுப் படுக்கையறைக் கதவைத் தவறுதலாகத் திறந்துவிட்டவர் எடுப்பதுபோல எடுத்தாள்.

அது மருந்து விநியோக நிறுவனம் ஒன்றின் தலைமை அலுவலகம். நகரெங்கும் இருந்த கிளைகள் தொலைபேசி வழியாக இங்கே அழைத்து, தங்களுக்கு வேண்டிய மருந்துகளை ஆர்டர் செய்யும். அழைப்புகளை ஏற்பவை ஓர் இரும்பு அலமாரியில் அடுக்கப்பட்டிருந்த மோடம்கள். மோடம்களை ஆள்வது அவற்றின் கீழே இருந்த ரவுட்டர். ரவுட்டரை ஆள்வது அவள். அலுவலகத்தில் அவளுக்கு லைன் மேடம் என்று பெயர். அவ்வப்போது, கிளை ஒன்று அழைப்பதுபோலத் தானே ஒவ்வொரு லைனையும் அழைத்துப் பார்ப்பது அவள் வகுத்துக்கொண்ட நடைமுறை. அதைச் செய்யும்படி யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லாததைச் செய்வதில் அவளுக்குச் சற்றுப் பெருமை உண்டு.

துண்டித்துவிட்டு மீண்டும் அழைத்தாள். சீறல், கீச்சொலி, அமைதி. மீண்டும் சந்தைக் கிளை.

சந்தைக் கிளையின் பொறுப்பாளர் அவளுடைய அக்காவின் கணவர்.

எதிர்முனையில் ஆள் இருக்கிறார் என்பதை மோடம் ஒரே ஒரு கம்பியின் வழியாகத்தான் ரவுட்டருக்குத் தெரிவிக்கிறது. அந்தக் கம்பியில் ஓடும் சிக்னலைக் கேரியர் என்பார்கள். ஆள் போனதும் கேரியர் விழும். விழுந்ததும் ரவுட்டர் அவர் விட்டுப்போன வேலையை மூடிவிட்டு, அடுத்து வருபவரிடம் புதிதாகப் பெயர் கேட்க வேண்டும். இந்த லைனில் ரவுட்டர் அந்தக் கம்பியைப் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டாம் என்று அதனிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். நெடுநேரம் சும்மா இருக்கும் இணைப்பை வெளியேற்றும் கெடுவையும் யாரோ நீக்கியிருந்தார்கள்.

யாரோ என்பது பொருத்தமற்ற சொல். ரவுட்டருக்குக் கட்டளையிடும் அதிகாரம் அந்தக் கட்டடத்தில் ஒருவருக்குத்தான் இருந்தது.

மழைக்காலத்தில் நடந்தது அது. அத்தான் தொலைபேசியில் அழைத்திருந்தார். "என்னம்மா உன் மெஷின், பாதி ஆர்டர் போட்டுட்டிருக்கும்போதே மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்துது? கடன் கேட்டு வந்தவனைக்கூட நான் இப்படி விரட்டினதில்ல." எங்கோ ஈரம் இறங்கிய கம்பியில் கேரியர் இமைப்பொழுதுக்கு விழுந்து எழுந்துகொண்டிருந்தது, ஒவ்வொரு முறையும் ரவுட்டர், ஆள் போய்விட்டார் என்று முடிவுகட்டியது. சிக்னல் விழுந்தாலும் சற்றுப் பொறுத்துப் பார்க்கும்படி மோடத்துக்குச் சொல்வதே முறை. எவ்வளவு பொறுப்பது என்பதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும். அன்று அதற்குப் பொழுதில்லை. கேரியரைக் கண்டுகொள்ளாதே என்று ரவுட்டருக்கே சொல்லி, வெளியேற்றும் கெடுவையும் எடுத்துவிட்டாள், மழை விட்டதும் திருத்திக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில். மாலையில் அத்தான் மறுபடி அழைத்தார். "மச்சினி கை பட்டதும் மெஷினுக்கும் மரியாதை வந்துடுச்சு" என்றார். அந்தப் பாராட்டு நினைவில் தங்கியது. திருத்த வேண்டும் என்பது தங்கவில்லை.

கிளைக்காரர்கள் எவரும் 'வெளியேறு' என்பதைத் தேர்ந்தெடுத்துப் போவதில்லை. வேலை முடிந்ததும் மோடத்தின் பொத்தானை அமுக்கி அணைத்துவிடுவார்கள். லைன்கள் குறைவு என்பதால் இரண்டு கிளைகளுக்கு ஒரு லைன் என்று ஒதுக்கியிருந்தார்கள். சந்தைக் கிளையின் லைனைப் பகிர்ந்துகொண்டது பாலத்தடிக் கிளை. இரவில் ரவுட்டர் எல்லா லைன்களையும் மூடிவிடும்; ஒரே நாளில் இரண்டு கிளைகளும் அழைப்பது அரிது.

பாலத்தடி என்ற பெயர் மனத்தில் தோன்றிய கணமே அவளுக்கு இன்சுலின் நினைவுக்கு வந்தது.

சென்ற மாதம் சந்தைக் கிளைக்கு வர வேண்டிய இன்சுலின் வரவில்லை. ஆர்டர் ரத்து செய்யப்பட்டிருந்தது. ரத்து செய்தவர் என்று அத்தானின் பெயர் பதிவாகியிருந்தது. மருந்து வாங்க வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். பள்ளி ஆசிரியை ஒருவர் வகுப்பிலேயே மயங்கி விழுந்து, மருத்துவமனையில் கிடந்து, பிழைத்தார். விசாரணை நடந்தது. நான் ரத்து செய்யவில்லை என்று அத்தான் மேசையைத் தட்டினார். மேலாளர் அவள் பக்கம் திரும்பினார்.

"இவர் பேர்ல வேற யாராவது உள்ளே வந்திருக்க முடியுமா?"

"முடியாது" என்றாள்.

அத்தான் தட்டுவதை நிறுத்தினார். அவளைப் பார்த்தார். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும் சார். நான்தான் மறந்திருப்பேன்" என்றார்.

அதற்கு ஒரு வாரம் கழித்து வேறொரு விசாரணை. பாலத்தடிக் கிளையின் குளிர்பெட்டி பழுதாகி, அங்கே இறங்கிய இன்சுலின் முழுவதும் வீணாகியிருந்தது. பெட்டி பழுதானதும் ஆர்டரைத் தானே ரத்து செய்ததாக அந்தக் கிளைப் பொறுப்பாளர் சத்தியம் செய்தார். ரத்து செய்ததற்கு எந்தப் பதிவும் இல்லை. அன்றிலிருந்து அவருக்கு ஐஸ்பெட்டிக்காரர் என்று பட்டப்பெயர். "ஒருத்தர் செஞ்சதை மறந்துட்டார், இன்னொருத்தர் செய்யாததைச் செஞ்சேங்கிறார். ரெண்டு பேர் மூளையையும் மாத்தி வெச்சா கணக்கு நேராயிடும்" என்று பக்கத்து அறையில் சர்வர் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சர்வர்காரர் சொன்னார். அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

எதற்காகச் சிரித்தாளோ அதுதான் ஏறக்குறைய நடந்திருந்தது. அத்தான் வழக்கம்போல மோடத்தை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். ரவுட்டர் அவர் இன்னும் உட்கார்ந்திருப்பதாகவே எண்ணியிருக்கிறது. அடுத்து அழைத்த ஐஸ்பெட்டிக்காரர், அத்தானின் பட்டியலுக்குள் நேராக இறங்கி, தன் ஆர்டர் என்று எண்ணி அவருடையதை ரத்து செய்திருக்கிறார்.

கட்டளையைத் திருத்த அவளுக்குக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. கேரியரைப் பார், விழுந்தால் மூடு. கெடுவையும் திரும்ப வைத்தாள். மோடத்துக்கும் பொறுக்க வேண்டிய அளவைச் சொன்னாள். அழைத்துப் பார்த்தாள். லைன் பெயர் கேட்டது. எவ்வளவு எளிதாக முடிந்தது என்பதே அவளைக் கூசச்செய்தது.

சர்வர்காரர் தேநீர்க் குவளையோடு எட்டிப் பார்த்தார். அவள் முகத்தைக் கண்டு உள்ளே வந்தார். அவரிடம் சொன்னாள். அவர் கதவை மெல்லச் சாத்தினார்.

"திருத்திட்டீங்கள்ல?"

"திருத்திட்டேன்."

"அப்புறம் என்ன மேடம்? லைன் என்ன வாயைத் தொறந்து சாட்சி சொல்லவா போகுது?"

"அத்தான் வெள்ளிக்கிழமை விருப்ப ஓய்வுல கையெழுத்துப் போடப்போறார்."

"அவரே விருப்பப்பட்டுத்தானே போறார்?"

அவள் திரையின் பக்கம் திரும்பினாள். அவர் குவளைக்குள் பார்த்தபடி, "நான் கெட்டவன்னு நெனைக்காதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன். ஒரு தடவை நீங்க தப்புன்னு ஆயிட்டா, இனிமே ஊர்ல எது நின்னாலும் உங்க தலையில கட்டுவாங்க" என்றார். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. அதுவும் அவளுக்கு உறைத்தது.

மாலையில் அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் வாசலில் நின்று பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு உட்புறம் திறந்துதான் இருந்தது; பூட்டு வெறும் கொண்டியில் தொங்கியது. அவளைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வா வா. பூட்டு துருப் பிடிக்குதான்னு பார்த்தேன்."

"பொய்" என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "ஒரு நாளைக்குப் பத்து தடவை பார்க்கிறார். அடுப்பை அணைச்சியா, குழாயை மூடினியான்னு என்னைப் போட்டுப் படுத்தி எடுக்கிறார். அணைச்சிருந்தாலும் சந்தேகம், அணைக்கலைன்னாலும் சந்தேகம்."

"என் மேல எனக்கே நம்பிக்கை இல்லாதப்போ உன் மேல எப்படிடி வரும்?" என்று அத்தான் சிரித்தார். மச்சினியும் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். அவளால் முடியவில்லை.

கூடத்து மேசையில் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டை ஒன்று கிடந்தது. பாதி காலியாக இருந்தது. அவள் பார்ப்பதை அக்கா பார்த்தாள்.

"மறதிக்கு. டாக்டர் குடுத்தார். ஆரம்ப நிலைதானாம், பயப்பட வேண்டாமாம். இதைப் போட்டதிலேர்ந்து உட்கார்ந்த இடத்துல தூங்கிடறார்." குரலைத் தாழ்த்தினாள். "நீ அன்னிக்கு அங்கே இருந்தது நல்லதாப் போச்சுடி. நீ மட்டும் உறுதியாச் சொல்லியிருக்கலைன்னா இந்நேரம் எல்லாரோடயும் மல்லுக்கட்டிட்டு இருந்திருப்பார். உன் வாயால கேட்டதும்தான் அடங்கினார்."

"அக்கா…"

"அதான் நானும் சொன்னேன்" என்றார் அத்தான். "வேற எவனாவது சொல்லியிருந்தா சட்டையைப் பிடிச்சிருப்பேன். இவளுக்கு ஒரு புள்ளி தள்ளி இருந்தாலே தூக்கம் வராது. சின்ன வயசுல என் கல்யாணப் பத்திரிகையிலேயே தப்பு கண்டுபிடிச்சவளாச்சே."

அக்கா சிரித்தாள். "அச்சடிச்சு முடிச்சப்புறம்."

அவள் சொல்ல வேண்டிய வாக்கியத்தை வரும் வழியிலேயே அமைத்து வைத்திருந்தாள். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை மூன்றும் அதனதன் இடத்தில் இருந்தன. எழுவாயைத் தாண்டி அவளால் போக முடியவில்லை. பேருந்து போய்விடும் என்று சொல்லி எழுந்தாள். அந்த வழியில் பேருந்துக்குக் குறைவே இல்லை. "தலைவலியா?" என்று அத்தான் கேட்டார். ஆமாம் என்றாள். "போய்த் தூங்கு. நீயாவது மாத்திரை இல்லாமத் தூங்கு" என்றார்.

அவளுக்கு வெட்கத்தில் பலவகை இருப்பது அன்று பேருந்தில் தெரிந்தது. கட்டளையை மறந்தது ஒரு வகை. எந்தப் பொறியாளருக்கும் நேரக்கூடியது. இரண்டாவது, முடியாது என்ற அந்த ஒற்றைச் சொல். அதைச் சொல்லும்முன் அவள் எழுந்து லைன் அறைக்குப் போய் லைனைப் பார்த்திருக்கலாம். பார்க்கத் தேவையில்லை என்று எண்ணியது அறியாமையால் அல்ல. தன் வேலையில் பிழை இருக்காது என்ற நிச்சயத்தால். மூன்றாவது வகைக்கு வயது அரை மணி நேரம்தான். அக்கா வீட்டுக் கூடத்தில் அவர்கள் அவளைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை, மேலாளர் நாற்காலியில் அமர்வதற்குள் அவர் அறைக்குப் போய்விட்டாள். நின்றபடியே சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"லைனை எப்பத் திருத்தினீங்க?"

"நேத்து."

"அப்ப எதை வெச்சு நிரூபிப்பீங்க? சொந்தக்காரரைக் காப்பாத்தக் கதை கட்டுறீங்கன்னு மேலிடத்துல கேட்டா நான் என்ன சொல்றது?"

"திரும்பக் கெடுத்துக் காட்டுறேன் சார்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அவரையும் வரச் சொல்றேன்" என்றார்.

பிற்பகலில் அத்தான் வந்தார். ஓய்வுப் பத்திரத்தில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எண்ணி, சட்டைப் பையில் நல்ல பேனா ஒன்றைச் செருகிக்கொண்டு வந்திருந்தார். லைன் அறைக்குள் மேலாளரும் சர்வர்காரரும் நிற்பதைக் கண்டு தயங்கினார்.

"என்னம்மா, என்னை வெச்சுப் பாடம் எடுக்கப்போறீங்களா?"

"அத்தான், இங்கே உட்கார்ந்து உங்க கிளையிலேர்ந்து கூப்பிடற மாதிரியே கூப்பிடுங்க. உங்க பேர், உங்க பாஸ்வேர்டு. அப்புறம் எப்பவும் எப்படி மூடுவீங்களோ அப்படியே மூடுங்க."

அவர் உட்காருவதற்கு முன் அவள் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது. மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க, கேரியரைக் கண்டுகொள்ளாதே என்ற கட்டளையை எழுத்துக்கு எழுத்து மறுபடி அடித்தாள். முதல் முறை அடித்தபோது ஒரு தட்டச்சுப் பிழைகூட வந்திருக்காது. இப்போது இரண்டு முறை அழித்து எழுத வேண்டியிருந்தது.

அத்தான் அழைத்தார். மோடம் சீறியது. பெயர் கேட்டது, சொன்னார். பட்டியல் வந்தது. பழக்கப்பட்ட விரலால் மோடத்தின் பொத்தானை அமுக்கி அணைத்தார். "அவ்வளவுதான்" என்றார், மன்னிப்புக் கேட்கும் குரலில்.

மேலாளர் பாலத்தடிக் கிளையைச் சாதாரணத் தொலைபேசியில் பிடித்து, ஒலிபெருக்கியைப் போட்டார். "இப்ப மோடத்துல உள்ளே வாங்க. வந்ததும் என்ன தெரியுதோ அதைச் சொல்லுங்க."

"திரும்பவும் விசாரணையா சார்? ஐஸ்பெட்டியை மாத்திட்டேன் சார்."

"வாங்கன்னா வாங்க."

அலமாரியில் அந்த லைனின் விளக்கு எரிந்தது.

"வந்துட்டேன் சார்" என்றது ஐஸ்பெட்டிக்காரரின் குரல். "பேர் கேட்கல. நேரா உள்ளே விட்டுடுச்சு."

"மேல் மூலையில என்ன எழுதியிருக்கு?"

"அதை யாரு சார் பார்க்கிறது… இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன். சந்தை… சந்தைக் கிளை." குரல் நின்றது. "ஐயய்யோ. அன்னிக்கும் இப்படித்தான் சார் பேர் கேட்காம விட்டுச்சு. இத்தனை வருஷமாச்சு, நம்மளை அடையாளம் தெரிஞ்சுக்கிச்சுபோலன்னு நெனைச்சேன்."

சர்வர்காரர் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தான் ஒலிபெருக்கியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், அதற்குள் தன் பெயர் எப்படிப் போய் உட்கார்ந்தது என்று தேடுபவரைப்போல.

"யார் இந்த லைனை இப்படி வெச்சது?" மேலாளருக்கு விடை தெரியும். அத்தான் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே கேட்டார்.

"நான்தான் சார்."

அவள் லைனைத் திருத்தினாள். யாரும் பார்க்கச் சொல்லவில்லை. இருந்தும் எல்லோர் முன்னாலும் ஒருமுறை அழைத்து, பெயர் கேட்கிறதா என்று காட்டினாள். இரண்டு பொறுப்பாளர்கள் மீதிருந்த பதிவும் நீக்கப்படும் என்றார் மேலாளர். ஆசிரியைக்கு நிறுவனமே மன்னிப்புக் கடிதம் எழுதும் என்றார். பிறகு அவளைப் பார்க்காமல், இனி லைன்களில் எந்த மாற்றம் செய்தாலும் சர்வர்காரர் ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்றார். சர்வர்காரர் தலையை ஆட்டினார். அவருக்கும் சங்கடமாக இருந்தது.

அத்தான் நடைகூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பேனாவைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தார். அவள் சற்றுத் தள்ளி நின்றாள்.

"அன்னிக்கு முடியாதுன்னு சொன்னியே" என்றார். "பார்த்துட்டுச் சொன்னியா, பார்க்காமச் சொன்னியா?"

"பார்க்காம."

"ம்."

"எனக்குத் தெரியும்னு நெனைச்சேன் அத்தான்."

"நானும் உனக்குத் தெரியும்னுதான் நெனைச்சேன்."

பேனாவைப் பைக்குள் திரும்பச் செருகினார். பிறகு அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று அவள் ஓரடி முன்னால் வந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் நீரும் இருந்தது. "அப்போ எனக்கு ஒண்ணுமில்ல. கிழவனாகல. பூட்டு பூட்டித்தான் இருந்திருக்கு, அடுப்பு அணைஞ்சுதான் இருந்திருக்கு. இந்த மண்டைக்குள்ள எல்லாம் அப்படியேதான் இருக்கு."

"மன்னிச்சுக்கோங்க அத்தான்."

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "அதை இப்பக் கேட்காதே. உன் மேல கோபம் வரும்மா. வராம இருக்காது. ஆனா இன்னிக்கு அதுக்கு இடம் இல்ல. இன்னிக்கு என் மூளை என்கிட்டயே இருக்குன்னு சந்தோஷப்பட்டுட்டு வீட்டுக்குப் போறேன். கோபத்தை நாளைக்கு வெச்சுக்கலாம். நானே கூப்பிடறேன்."

அவர் எழுந்து போனார். வாசல்வரை வேகமாக நடந்தார்.

சொன்னபடியே மறுநாள் காலை அழைத்தார். அவள் அப்போதுதான் தன் மேசைக்கு வந்திருந்தாள்.

"பேசலாமா?"

"பேசுங்க அத்தான்."

அவர் குரலை உயர்த்தவில்லை. "அந்த டீச்சர் வீட்டுக்கு நான் போனேன். உனக்குத் தெரியாது. உன் அக்காவுக்கே நேத்துதான் தெரியும். மறந்துட்டேன், மன்னிச்சிடுங்கன்னு அவங்க வாசல்ல நின்னேன். அவங்க தம்பி என் மேல கையை ஓங்கிட்டு வந்தான். அந்தம்மாதான் தடுத்தாங்க. வயசானவரு, விடுடான்னாங்க. அது எனக்கு அடியை விட வலிச்சுது. நான் செய்யாத காரியத்துக்கு, நான் அங்கே நின்னேன். நீ சொன்ன ஒரு வார்த்தையை நம்பி."

"எனக்குத் தெரியாது அத்தான்."

"தெரியாதுன்னு எனக்கும் தெரியும். இப்பத் தெரிஞ்சுக்கோ. அதுக்குத்தான் சொல்றேன்."

அவர் தொடர்ந்து பேசினார். டாக்டரிடம் தன் பெயரையும் கிழமையையும் சொல்லிக்காட்ட வேண்டியிருந்ததைப் பற்றி, கிளைச் சாவியைத் தன்னைவிட இளையவனிடம் ஒப்படைத்த காலையைப் பற்றி. ஒவ்வொன்றையும் முழுமையாகச் சொன்னார், எதையும் கூட்டவில்லை. ஈரம் இறங்கிய கம்பியைப் பற்றியோ மழையைப் பற்றியோ ஒரு சொல்லும் அவள் வாயிலிருந்து வரவில்லை. ரிசீவரை அழுத்திப் பிடித்திருந்ததில் காது சுட்டது. சர்வர்காரர் ஏதோ கேட்க வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"இப்போதைக்கு இவ்வளவுதான்" என்றார் அத்தான் கடைசியில். "மிச்சம் வந்தா திரும்பக் கூப்பிடுவேன். இரு, உன் அக்கா பேசணுமாம்."

ரிசீவர் கைமாறும் ஓசை கேட்டது. பிறகு அக்காவின் மூச்சு மட்டும் கேட்டது. இந்த முனையில் அவள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள்.